தேரிக்குளம் மியூசியத்தின் நானூற்றுப் பன்னிரண்டாவது பொருள்

தேரிக்குளத்துக்காரர்கள் யாரையும் ஏமாற்றியது கிடையாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள், வம்பே அதில்தான். அந்த ஊர் மியூசியத்தில் வேலை பார்க்கிற நான்கு பேரைப் பற்றி இங்கே சொல்லப்போகிறேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் நம்ப வேண்டுமே என்று கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

மியூசியம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஊர்ப் பேச்சில் கிட்டங்கி என்கிற பழைய பஞ்சு குடோன் ஒன்றுக்கு வெள்ளையடித்துப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அதன் காப்பாட்சியர் செண்பகவல்லி. அந்த அம்மாள் ஒன்பது வருடமாகக் காடு மேடெல்லாம் அலைந்து, உழும்போது கொழுவில் இடறிய தாழி, கிணறு வெட்டும்போது கிடைத்த கல்கோடரி, யாரோ பரணில் போட்டு மறந்த ஏட்டுச்சுவடி என்று முந்நூற்று எழுபது பொருள்களைச் சேர்த்திருந்தார். அத்தனையும் சாக்கு மூட்டையில் கிடந்தன.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதினெட்டாம் தேதி துணை இயக்குநர் நேரில் வருவார். அதற்குள் 'ஆதி முதல் இன்று வரை' என்கிற நிரந்தரக் காட்சி தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் மியூசியத்தை மூடிவிட்டு, பொருள்களைத் தலைமை அலுவலகத்துக் கிட்டங்கிக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கிட்டங்கிக்குள் போன பொருள் எதுவும் மறுபடி வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. செண்பகவல்லி கடிதத்தைப் படித்துவிட்டு அழுதே விட்டார். அதே தபாலில் இன்னொரு கடிதமும் இருந்தது. காப்பாட்சியர்கள் எல்லோருக்கும் பத்து நாள் கட்டாயப் பயிற்சி, பதினெட்டாம் தேதி மத்தியானம் முடியும் என்று அதில் போட்டிருந்தது.

இப்படியாக, ஐயாயிரம் வருட வரலாறு நான்கு பேர் தலையில் விழுந்தது. டிக்கெட் கிழிக்கிற பொன்னுத்துரை அண்ணாச்சி அதில் மூத்தவர். பத்தாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவர் என்பதால் மற்றவர்களைவிட மூன்று மடங்கு படிப்பாளி என்று பெயர். வாசல் காவல் தவசிக்கண்ணுவுக்கு மீசை பெரிது, சந்தேகம் அதைவிடப் பெரிது. பெயிண்டு டப்பாவும் பிரஷும் சுயம்புவுடையவை. கூட்டிப் பெருக்குகிறவள் பேச்சித்தாய். நான்கு பேரில் அதிகம் யோசிப்பவள் அவள்தான், அதனால் அதிக ஆபத்தும் அவளிடம்தான்.

செண்பகவல்லி பஸ் ஏறுவதற்கு முன்னால் நான்கு பேரையும் நிறுத்தி வைத்து நிதானமாகச் சொன்னார்.

"பழைய பொருள் முதல்ல, புதுசு கடைசில. நடுவுல ஒரு எடம் கூட காலியா இருக்கப்படாது. ஒவ்வொண்ணுக்கும் செவப்புப் பெயிண்டுல பதிவு நம்பர் போடணும். பின்பக்கமாப் போடணும், பாக்கிறவங்க கண்ணுல படாத எடமா. நம்பர் இல்லாத எதுவும் கூடத்துல இருக்கப்படாது. நம்பர் போட்டது எதுவும் தலைமை ஆபீஸ் எழுத்து உத்தரவு இல்லாம வாசலத் தாண்டப்படாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா" என்றார்கள் நான்கு பேரும் ஒரே குரலில். புரியவில்லை என்று ஒருவராவது சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். பஸ் போய்விட்டது.

மூட்டைகளை அவிழ்த்ததும் தவசிக்கண்ணுவுக்கு முதல் சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, எல்லாமே மண்ணு நெறமால்லா இருக்கு. எது பழசு, எது புதுசுன்னு எப்படிக் கண்டுபுடிக்க?"

அண்ணாச்சி கல்கோடரியை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

பேச்சித்தாய்தான் வழி சொன்னாள். "இதுல என்ன கஷ்டம்? ஒடஞ்சது பழசு, ஒடயாதது புதுசு. எங்க வீட்டுப் பானைல இருந்து எங்க மாமனாரு பல்லு வரைக்கும் அப்படித்தான்."

அந்தக் கணக்குப்படியே அடுக்கினார்கள். ஈராயிரம் வருடத்துத் தாழி ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்ததால் கடைசி அலமாரிக்குப் போனது. கல்கோடரியும் உடையவில்லை, ஆகவே அது பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. போன மாதம் தவசிக்கண்ணு கைதவறிப் போட்ட டீ கிளாஸின் சில்லுகள் ஆதிமனிதன் பகுதியில் முதலிடம் பிடித்தன. இதற்கிடையில் சுயம்பு ஏணியைத் திருப்பும்போது சுவர்க் கடிகாரத்தைத் தட்டிவிட்டான். காலை பத்து மணி வரை நம் காலத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம், பத்து ஐந்துக்குக் கற்காலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு எண் போடுகிற வேலை. முந்நூற்று எழுபது பொருளுக்கும் போட்டு முடித்துவிட்டு சுயம்பு பிரஷைக் கழுவப் போனான். தவசிக்கண்ணு அவன் கையைப் பிடித்தான்.

"எங்க போறே? நம்பர் இல்லாத எதுவும் கூடத்துல இருக்கப்படாதுன்னு அம்மா சொன்னாவளா இல்லியா? மேல பாரு, ஃபேன் இருக்கு."

ஃபேனுக்கு 371. டியூப்லைட்டு, ஜன்னல், ஏணி, அண்ணாச்சியின் குடை, டிக்கெட்டுப் புத்தகம் என்று வரிசையாக ஏறிக்கொண்டே போனது. பேச்சித்தாயின் துடைப்பத்துக்கு 398 விழுந்தது. எண் போட்ட துடைப்பம் வாசலைத் தாண்டக் கூடாது என்பதால் அன்றோடு முற்றம் பெருக்குவது நின்றது.

410 வரை வந்ததும் சுயம்புவுக்கே ஒரு பயம் தட்டியது.

"அண்ணாச்சி, நாமளும் கூடத்துக்குள்ளதான நிக்கோம்?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவசிக்கண்ணு மெல்லப் பிடரியைத் தடவினான்.

"நம்பர் போட்டா வாசலத் தாண்ட முடியாதே. ராத்திரி சோத்துக்கு எங்க போவ?"

அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். மூன்று வருடப் படிப்பு வீண்போகவில்லை.

"இந்தா பாருங்க. காத்து கூடத்துக்குள்ள வருது, போவுது. அதுக்கு நம்பர் போட்டமா? போடல. ஏன்? அது ஒரு எடத்துல நிக்கல. நாமளும் நிக்காம நடந்துக்கிட்டே இருந்தா நமக்கும் நம்பர் தேவையில்ல."

அன்றிலிருந்து நால்வரும் நடந்துகொண்டே வேலை செய்தார்கள். சுயம்பு ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால், கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்து ஒரு அடி, இன்னொரு சுற்று சுற்றி வந்து இன்னொரு அடி. வெளியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்கள்.

பதினாறாம் தேதி டீக்கடை இசக்கியம்மாளின் ஆடு உள்ளே வந்தது. அதற்கு நடக்கத் தெரியவில்லை, நின்றது. 411 போட்டார்கள். இசக்கியம்மாள் ஓடி வந்து ஆட்டைக் கேட்டாள். அண்ணாச்சி அவளைச் சுற்றி நடந்தபடியே, தலைமை ஆபீஸில் எழுதி வாங்கி வரச் சொன்னார். அவள் ஏசிய ஏச்சை நான் இங்கே எழுத முடியாது. அன்று சாயங்காலம் ஆடு 208-ஆம் எண் ஏட்டுச்சுவடியை நிதானமாக மென்று விழுங்கியது. பதறிப்போய்ப் பேச்சித்தாய் கூப்பாடு போட்டாள். அண்ணாச்சி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. பதிவேட்டை எடுத்து, '208 தொலையவில்லை. 411-க்கு உள்ளே இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இனி ஒரே ஒரு இடம்தான் பாக்கி. வரிசையின் கடைசியில் ஒரு மரமேடை, அதன் மேல் சுயம்பு அழகாக எழுதிய 'இன்று' என்ற பலகை. மேடை காலி. முதல் நாள் அன்றைய செய்தித்தாளை வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அது நேற்றைய பேப்பராகிவிட்டது. சூடாக இட்லி வைத்தார்கள். அது சாயங்காலமே ஆதி காலத்து வாடை அடித்தது.

"எதை வச்சாலும் பழசாயிருது. ஒவ்வொரு நாளும் இன்னைக்குப் பொருளாவே இருக்கிறது எது?" என்று அண்ணாச்சி நடந்தபடியே கேட்டார்.

பேச்சித்தாய் இரண்டு சுற்று யோசித்தாள். மூன்றாவது சுற்றில் பதில் வந்தது.

"மனுஷன் அண்ணாச்சி. மனுஷன் எந்தத் தேதில இருந்தாலும் இன்னைக்குல தான இருக்கான்? நேத்துல போயி ஒக்காந்தவன யாராவது பாத்திருக்கியளா?"

அசந்துபோனார்கள். சரி, யாரை வைப்பது? யாரையும் பிடித்து உட்கார வைப்பது மரியாதை இல்லை, வருகிறவர் அவராகவே வந்து உட்கார வேண்டும் என்று முடிவானது. மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டார்கள். கூடத்தில் இருந்த மற்ற நாற்காலிகளை எல்லாம், எண் போடுவதற்கு முன்பே வெளியே எடுத்து வைத்திருந்தார்கள்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு லாரி வந்து நின்றது. லாரி நிறைய மரப்பெட்டியும் வைக்கோலும். டிரைவர் பக்கத்திலிருந்து துணை இயக்குநர் கனகசபாபதி இறங்கினார். லாரியோடு வந்தார் என்றால் என்ன மனதோடு வந்தார் என்று உங்களுக்குத் தெரிகிறது. நம்மவர்களுக்குத் தெரியவில்லை. வரவேற்றார்கள், மாலை போட்டார்கள், உடனே சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கனகசபாபதி முதல் அலமாரியைப் பார்த்தார்.

"இதென்ன, கற்காலத்துல கடிகாரம்?"

"ஒடஞ்சிருக்கு பாருங்கய்யா" என்று சுயம்பு பணிவாக விளக்கினான்.

"இங்க ஒரு ஆடு நிக்குது!"

"அது ரெண்டு பொருளுங்கய்யா" என்றார் அண்ணாச்சி. "208-உம் 411-உம்."

"முதல்ல எல்லாரும் நில்லுங்கய்யா! எதுக்கு என்னையே சுத்திச் சுத்தி வர்றீங்க?"

"நின்னா நம்பர் போட்டிருவோம்யா. நீங்களும் கொஞ்சம் நடந்தா நல்லது" என்றான் தவசிக்கண்ணு. எச்சரிக்கை செய்யவில்லை என்று நாளைக்கு யாரும் அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது.

கனகசபாபதிக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பவே எழுதுறேன் உத்தரவு! மூடிட்டுத்தான் மறுவேலை!" என்று பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார். உட்கார்ந்து எழுத இடம் தேடினார். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. விறுவிறு என்று மேடையில் ஏறி, 'இன்று' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்தார்.

நான்கு பேர் முகத்திலும் அப்படி ஒரு மலர்ச்சி. அவராகவே வந்து உட்கார்ந்துவிட்டார்! அவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, சுயம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு இலக்கமாக, பின்பக்கம், பார்க்கிறவர்கள் கண்ணில் படாத பிடரியில் 4, 1, 2 என்று எழுதி முடித்தான். கனகசபாபதி ஈ என்று நினைத்துத் தட்டினார். கையெல்லாம் சிவப்பு. ஆத்திரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

எழுதியதை உரக்கப் படித்தார். "இந்த மியூசியம் இன்றோடு மூடப்படுகிறது. எண் போட்ட பொருள் ஒன்றையும் விட்டுவைக்காமல் உடனே பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். யார் மறுத்துப் பேசினாலும் கேட்கக் கூடாது." கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

பேச்சித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா வந்து பாத்தா நெஞ்சு ஒடஞ்சு போவாவளே" என்றாள். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். அண்ணாச்சி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"எதுல இருந்து ஏத்த?" என்று கேட்டான் சுயம்பு.

"அங்க போயி எறக்கும்போது ஆதி காலம்தான மொதல்ல எறங்கணும்? அப்பந்தான் வரிசை மாறாது. அதனால ஏத்தும்போது கடைசில இருந்து ஏத்துங்க."

"அப்படின்னா 412" என்றான் தவசிக்கண்ணு, மேடையைப் பார்த்து.

கனகசபாபதியைத் தூக்கியபோது அவர் நிறைய மறுத்துப் பேசினார். யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவர்தான் எழுதியிருந்தார்.

"யோவ், நான் துணை இயக்குநர்யா!"

"உள்ளதுதான்யா. ஆனா நம்பரும் இருக்குல்லா" என்றார் அண்ணாச்சி ஆறுதலாக.

குறை சொல்லக் கூடாது, பதமாகத்தான் பெட்டியில் வைத்தார்கள். கழுத்து வரை வைக்கோல் திணித்து, வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு போட்டு, ஒரு சொம்பு மோரும் குடிக்கக் கொடுத்தார்கள். அடுத்து 411. ஆட்டைப் பக்கத்தில் கட்டினார்கள். தாழியை ஏற்றத் திரும்புவதற்குள் டிரைவர் உத்தரவுத் தாளை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். ஏற்றினால் ஓட்டுவது அவன் வேலை, என்ன ஏற்றினார்கள் என்று திரும்பிப் பார்ப்பது அவன் வழக்கமில்லை.

ஊருக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு பஸ்ஸும் நின்றது. அதில், பயிற்சி முடிந்த கையோடு அரக்கப்பரக்க ஓடி வந்த செண்பகவல்லி இருந்தார். வழியெல்லாம் மியூசியம் இருக்குமா போகுமா என்று புலம்பிக்கொண்டே வந்தவர், கேட் திறந்ததும் ஜன்னலுக்கு நேராக வைக்கோலுக்கு மேலே ஒரு தலையைக் கண்டார். அதைச் சுற்றியிருந்த வைக்கோலை ஒரு ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. தெரிந்த தலை மாதிரி இருக்கவே, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினார்.

"ஐயா! நீங்களா?"

"அம்மா, டிரைவர்கிட்ட சொல்லும்மா! வண்டியத் திருப்பச் சொல்லும்மா!"

டிரைவர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "எழுத்து உத்தரவு இருக்கு, தலைமை ஆபீஸுக்கு லோடு. திருப்பணும்னா ரத்துன்னு எழுதிக் குடுங்க" என்றான்.

செண்பகவல்லி உத்தரவை வாங்கிப் படித்தார். ஆடு வைக்கோலைத் தின்று தீர்த்திருந்த இடத்தில், ஐயாவின் பிடரியில் 412 என்று சிவப்பாகத் தெரிந்தது. அப்புறம் மெதுவாக விஷயம் விளங்கியது. பயிற்சியில் கொடுத்த சான்றிதழை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வைக்கோலுக்குள் கையை விட்டு ஐயாவின் வலது கையைத் தேடி வெளியே எடுத்தார். 'முந்தைய உத்தரவு முழுவதுமாக ரத்து செய்யப்படுகிறது. எண் போட்ட பொருள்கள் அனைத்தும் தேரிக்குளம் மியூசியத்திலேயே நிரந்தரமாக இருக்கும்' என்று கனகசபாபதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நிலைமையில் அவர் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருப்பார். செண்பகவல்லி சந்தோஷத்தை மறைத்துக்கொண்டார் என்று சொன்னால் பொய். மறைக்கவே இல்லை, நடுரோட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

லாரி திரும்பி வந்தது. அண்ணாச்சி புது உத்தரவை நான்கு பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். எல்லோரும் ஆனந்தக் கூச்சல் போட்டார்கள். பிறகு பெட்டியைத் திறந்து, கனகசபாபதியை வைக்கோல் தட்டி, அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய் மறுபடி மேடை நாற்காலியில் வைத்தார்கள்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய? ஐயாவ விடுங்க!" என்று செண்பகவல்லி அலறினார்.

"எப்படிம்மா விட? எல்லாத்தையும் நிரந்தரமா வைக்கணும்னு இப்பந்தான எழுதியிருக்காவ. கையெழுத்துக்கூட இன்னும் காயல."

கனகசபாபதிக்கு இதற்குள் அந்த ஊர் நியாயம் பிடிபட்டுவிட்டது. சத்தம் போடவில்லை. தாள் கேட்டு வாங்கி, 'எண் 412 மட்டும் வெளியே போகலாம்' என்று எழுதிக் கொடுத்தார். அண்ணாச்சி படித்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"ரொம்பச் சரி. ஐயா தாராளமாப் போலாம்."

கனகசபாபதி எழுந்தார். எழுந்ததும் நிற்காமல் மளமளவென்று நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். நால்வரோடு ஐந்தாவது ஆளாகக் கூடத்தைச் சுற்றினார். வாசலருகே வந்தபோது தவசிக்கண்ணு பக்கத்தில் நடந்தபடியே பணிவாகக் குறுக்கிட்டான்.

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா. நீங்க போயிட்டா அந்த எடம் காலியாயிரும். ஒரு எடம் கூட காலியா இருக்கப்படாதுன்னு அம்மா உத்தரவு. பதிலுக்கு யாரையாவது வச்சிட்டுப் போனா புண்ணியமாப் போவும்."

செண்பகவல்லி வாயைத் திறந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கனகசபாபதி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துவிட்டார். பெரிய அதிகாரிகள் இந்த மாதிரி விஷயத்தில் தாமதம் செய்வதில்லை. ஒரு சுற்று நடந்து முடிவதற்குள் அவருடைய உதவி இயக்குநர் லைனில் வந்தார்.

"ரங்கமணி, உடனே கிளம்பி தேரிக்குளம் வாங்க. ரொம்ப முக்கியமான வேலை... இல்ல, ஃபைல் எதுவும் வேண்டாம். வந்து இங்க ஒரு நாற்காலில உக்காந்தாப் போதும்."

சுயம்பு பெயிண்டு டப்பாவைத் திறந்து கலக்கினான். கனகசபாபதி அதைப் பார்த்துவிட்டு, போனைக் கையால் மூடி ஒரு கணம் யோசித்தார்.

"அப்புறம் ரங்கமணி, இங்க வெக்கை ஜாஸ்தி. காலர் இல்லாத சட்டையாப் போட்டுட்டு வாங்க."